பதினோரு விநாடி

படத்தில் பேயைக் காட்டவே கூடாது என்று அவள்தான் சொன்னாள். ரப்பரில் செய்து வந்த முகமூடி வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. அதை மாட்டிக்கொண்டு கணவர் கூடத்தில் கைகளை விரித்து நடந்தபோது, ஏழு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதைப் பாத்து யாருங்க பயப்படுவாங்க? உள்ள ஏதோ இருக்குன்னு மட்டும் காட்டுங்க. மிச்சத்தைப் பாக்கறவங்களே நெனச்சுக்குவாங்க."

கல்யாண வீடியோவில் பிழைக்கும் குடும்பம். அவர் எடுப்பார், அவள் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவாள். பத்து வருஷமாக ஊரார் சிரிப்பையே ஒட்டி அலுத்துப்போய், சொந்த வீட்டிலேயே, சொந்த மகளையே நடிக்க வைத்து எடுத்த முக்கால் மணி நேரப் பேய்ப்படம் இது. பேய் நகரும் சத்தத்துக்கு அவள் ஈரத் துண்டைத் தரையில் இழுத்தாள். வாசலிலிருந்து வரும் நடைவழியின் விளக்கைக் கறுப்புத் துணியால் பாதி மூடினார்கள். அந்த இருட்டை எவ்வளவு நேரம் விட்டு வைப்பது, எந்த நொடியில் வெட்டுவது என்பதில்தான் பயமே இருக்கிறது என்பது வெட்டி வெட்டி அவளுக்குப் பிடிபட்டிருந்தது. ஒரு நொடி முந்தினால் ஒன்றுமில்லை, ஒரு நொடி பிந்தினால் சிரிப்பு வந்துவிடும்.

ஆனாலும் படத்தின் உயிர் மகளின் முகம்தான். பதினோரு விநாடி. நடைவழியின் இருட்டைப் பார்த்தபடி நிற்கிறாள். முகத்திலிருந்த சிரிப்பு வடிகிறது. வாய் திறக்கிறது, குரல் வரவில்லை. வெட்ட உட்கார்ந்து முதல் தடவை பார்த்தபோது தாய்க்கு உடம்பு சிலிர்த்தது.

"எப்படிங்க இப்படி நடிச்சா?"

"காதுல ஒரு வார்த்தை சொன்னேன். டைரக்டர் ரகசியம்" என்று அவர் கண்ணடித்தார்.

அந்தக் காட்சி எடுத்த அன்றைக்கு அவள் வீட்டில் இல்லை. மார்பில் தட்டுப்பட்ட கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுப்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ரிசல்ட் வியாழக்கிழமை காலை. படத்தைப் போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள் புதன். இரண்டையும் ஒன்றாக நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டாள். "ஒண்ணும் இருக்காது, பாரேன்" என்று கணவர் தினமும் இரண்டு வேளை மாத்திரை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மகள்தான் அன்றிலிருந்து சரியில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம். அம்மா அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே அடுப்படி, மாடிக்குப் போனால் மாடி. வயிற்றில் பூச்சி ஏதாவது சேர்ந்திருக்கும் என்று மருந்து கூடக் கொடுத்துப் பார்த்தாள்.

புதன் மத்தியானம் ஒலி வேலை மட்டும் பாக்கி. அந்தக் காட்சிக்குக் குழந்தையின் மூச்சுச் சத்தம் வேண்டியிருந்தது. மகளின் சட்டையில் குத்தியிருந்த மைக் பதிவை, வழக்கமாக வெட்டித் தள்ளும் முன்பகுதியிலிருந்தே ஓடவிட்டாள். துணி உரசும் சத்தம். பிறகு, காதுக்குள்ளேயே பேசுவது போலக் கணவர் குரல்:

"சுண்டெலி, அப்பா ஒண்ணு சொல்றேன். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கல்ல? இனிமே வரமாட்டாங்க. அந்த வழியையே பாரு."

அதற்கப்புறம் பதினோரு விநாடி மூச்சுச் சத்தமே இல்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். காலடியில் மகள் குப்புறப் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்து பக்கத்து அறைக்குக் கிளம்பினாள். மகளும் எழுந்தாள். "இங்கேயே இரு கண்ணு, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி, மகளின் கையில் பென்சிலைத் திரும்பக் கொடுத்தாள்.

கணவர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குழந்தைகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் முகம் செத்துப்போனது. "கட் சொன்ன உடனே, சும்மா சொன்னேன்னு சொல்லிட்டேனே. ஐஸ்கிரீம் கூட வாங்கிக் குடுத்தேன்."

"எப்படிங்க அப்படிச் சொல்ல வாய் வந்துச்சு?"

"வேற எதுவும் தோணலை." லென்ஸைக் கீழே வைத்தார். "அன்னிக்குக் காலையிலேர்ந்து என் மண்டைக்குள்ள அது ஒண்ணுதான் ஓடிட்டிருந்துச்சு. வாயைத் தொறந்தேன், அதுவே வந்துடுச்சு."

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருப்பாள். ஆனால் இத்தனை நாள் 'ஒண்ணும் இருக்காது' என்ற மனிதரிடம் இவ்வளவு பயம் இருந்ததா என்று நினைத்ததும், அவள் தள்ளித் தள்ளி வைத்திருந்த வியாழக்கிழமை கண்முன்னே வந்து நின்றது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். "அப்பா விளையாட்டுக்குச் சொன்னாருடி. அம்மா வந்துட்டேன்ல?"

மகள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "நாளைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போறியாமே."

அவள் மகளின் முடியை ஒதுக்கிவிட்டு, "நீயும் வா" என்றாள்.

அந்த முகத்தைப் படத்திலிருந்து எடுத்தாள். அங்கே வெறும் நடைவழியை வைத்தாள், அதே பதினோரு விநாடி.

"அந்த ஷாட் இல்லாட்டிப் படமே இல்லம்மா" என்றார் பின்னால் நின்றிருந்த கணவர். கெஞ்சலாகத்தான் வந்தது.

"தெரியும்."

ஓடவிட்டாள். யாருமில்லாத இருட்டு நடைவழி திரையில் நின்றது. எத்தனை தடவை அதில் நடந்திருக்கிறாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார். அவர் திரையைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் மூவரையும் பார்த்தாள். "குழந்தை வெளியவே இருக்கட்டும்மா."

டாக்டர் அறைக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அவள் உள்ளே போனதும் அது மெல்லத் திரும்பி வந்தது. மகள் ஓடி வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். முதுகைக் கதவில் கொடுத்து, இரண்டு காலையும் எதிர்ப்பக்க நிலையில் உதைத்து, அது மூடாமல் நிறுத்தினாள். நர்ஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கணவர் அங்கேயே குந்தி, மகளின் தலைக்கு மேலே கதவில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். டாக்டர் மேஜையிலிருந்த நீளக் கவரை எடுத்தார். அவள் நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டு, அவர்கள் இருவரும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.