ஷட்டில் ரயிலுக்கு ஒரு ஓட்டு

“ஷட்டில் ரயில் விட்டுட்டா ஏழு மணிக்கு இங்க ஏறுவேன், முதல் மணி அடிக்கறதுக்குள்ள ஸ்கூல்ல இருப்பேன். சாயங்காலம் நம்ம வீடு. அப்புறம் களம்பூர்ல எனக்கு எதுக்குங்க தனியா ஒரு ரூம்?”

“கவுன்சில்ல கை தூக்கப் போறவன் நான்தானே மதி? தூக்கிடறேன்.”

“ஒரு கை பத்துமா?”

“பத்தலைன்னா ரெண்டையும் தூக்கறேன். போலீஸ்காரனப் பார்த்த திருடன் மாதிரி.”

எட்டு மாதத்துக்கு முன்னால் பேசியது. அன்று ஜெயமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் சனிக்கிழமை மத்தியானம், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவளுக்காகக் காத்திருந்த ஜெயபாலுக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கை தூக்காமலே திருடன் ஆகிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

ஜெயமதிக்குக் களம்பூர் பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து நாலு வருடம். போளூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நின்று தினமும் போய் வர முடியாமல், அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினாள். சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள். ஒவ்வொரு ஞாயிறும் அந்த பஸ் ஜன்னலைப் பிடித்து நிற்கும்போது அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஜெயபாலுக்கு வாய் வரைக்கும் வரும். கேட்டுவிட்டால் இங்கே இருக்கிற விதைக்கடை என்ன ஆவது? தெருவில் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? போன வருடம், எண்பத்தாறு தேர்தலில், கவுன்சிலர் ஆன பிறகு தயக்கம் இன்னும் ஜாஸ்தியானது. அதுதான் ரயில் வரப்போகிறதே என்று சொல்லிக்கொண்டு விழுங்கிவிடுவார்.

ரயில் விடத் தயார், ஆனால் புதுப் பிளாட்பாரச் செலவில் பாதியை ஊர் ஏற்க வேண்டும் என்று ரயில்வேயிலிருந்து கடிதம் வந்திருந்தது. நகராட்சி அந்தப் பாதியை வீட்டு வரியில்தான் ஏற்ற முடியும். விஷயம் தெரிந்ததும் வார்டுக்காரர்கள் கடைக்கே வந்துவிட்டார்கள். “சம்பளக்காரங்க ஜம்முனு ரயில்ல போவாங்க, வரி கட்டறது நாங்களா? அடுத்த தடவ எங்க தெருப்பக்கம் ஓட்டு கேட்டு வந்துடாதீங்க நயினாரே!” அவர்களிடமும் ஜெயபால், “பார்த்துக்கறேன்” என்றுதான் சொன்னார்.

நாலு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கிய கவுன்சில் கூட்டம், காரசாரமாக இழுத்துக்கொண்டே போனது. ஐந்தே முக்காலுக்குச் சேர்மன் மேஜையைத் தட்டி, “பேசினது போதும். கை தூக்குங்க” என்றார். ஜெயபால் ஜன்னலைப் பார்த்தார். மலை மேல் வெயில் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நின்றார்.

“மன்னிக்கணும். பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்பிட்டாகணும்.”

ஜெயபால் மாதிரி சமணர்களான நயினார் குடும்பங்களில் இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். யாரும் முகம் சுளிக்கவில்லை. சேர்மன் கும்பிட்டு வழிவிட்டார். தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. ஜெயபால் கை தூக்கியிருந்தால் இரண்டு பக்கமும் சரிசமம் ஆகியிருக்கும். அப்போது முடிவு செய்யும் சேர்மனின் ஓட்டு ரயிலுக்குத்தான்.

“என்ன நயினாரே, டீச்சரம்மாவுக்கு வெயிட்டிங்கா?” கூட்டத்தில் ரயிலுக்காகத் தொண்டை வறளப் பேசிய கவுன்சிலர் வேடியப்பன், பஸ் ஸ்டாண்டில் ஜெயபாலின் தோளில் கை போட்டார். “உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல. விரதத்த விட முடியுமா? மீட்டிங்க காலைல வெச்சிருக்கணும். எங்க தப்புதான்.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

வீட்டில் ஜெயபாலே சமைத்து வைத்திருந்தார். ஐந்து மணிக்கு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். புடலங்காய்க் கூட்டில் உப்பு கம்மி. ஜெயமதி அதைச் சொல்லவில்லை. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“கூட்டம் செவ்வாய்க்கிழமைதானே நடந்துச்சு?”

“ஆமா.”

“பௌர்ணமிக்கு முந்தின நாள். சதுர்த்தசி.”

ஜெயபாலின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து சதுர்த்தசி தோறும் இருவருக்கும் மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடுதான். கவுன்சிலில் இருந்த ஒருவருக்கும் அது தெரியாது. இவளுக்குத் தெரியும் என்பதுதான் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றாமல் போயிற்று.

“மத்தியானமே முடிஞ்சுதேங்க. அப்புறம் எந்தச் சாப்பாட்டுக்கு எழுந்து போனீங்க?”

“சாப்பிடல. கடைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாக்கூட சண்டை போட்டு ஓய்ஞ்சிருப்பேன். நம்ம விரதத்த எடுத்துல்ல முன்னாடி நிறுத்தினீங்க?” அவள் குரல் உயரவில்லை. “எங்க டீச்சருங்க எல்லாம், ‘உங்க வீட்டுக்காரருக்கு என்ன கட்டுப்பாடு!’னு புகழறாங்க. ரயிலு போன வயித்தெரிச்சல் ஒரு பக்கம். தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நானும் உங்ககூடச் சேர்ந்து பொய் சொன்னேன்.”

“வார்டுக்குப் பயந்துட்டேன் மதி.”

“வார்டுக்கு மட்டுமா?”

வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நாளைக்கு இந்நேரம் அவள் மறுபடியும் பஸ்ஸில் இருப்பாள்.

“ரயில் வரட்டும், நீ வந்துடுவேன்னு சொல்லிச் சொல்லியே நான் நாலு வருஷமா நகராம இருந்துட்டேன். திங்கக்கிழமை வேடியப்பன்கிட்ட உண்மையச் சொல்லி, பதவிய ராஜினாமா பண்ணிடறேன். தெருவுல என்ன வேணா பேசட்டும்.” ஜெயபால் அவள் பக்கம் திரும்பினார். “விதைக்கடை களம்பூர்லயும் போடலாம். நான் அங்க வந்து உன்கூட இருக்கட்டுமா மதி?”