சூப்பு வண்டிக்குப் பெயர் மாற்றம்

காலை ஏழரைக்குள் வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள்தான் முதல் வியாபாரம். ராத்திரி முழுக்க நோயாளிக்குத் துணை இருந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் அடுத்தது. காய்கறி சூப்பு, ரொட்டிக்குள் முட்டை, அவ்வளவுதான் அந்த வண்டியில் கிடைக்கும். பன்னிரண்டு வருடமாக அதை நடத்தி வந்தவரை மாஸ்டர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆகவே அவர் மனைவியை மாஸ்டர் வீட்டம்மா என்றார்கள். எட்டு மாதமாக வண்டியில் நிற்பது அவள்தான். மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: "இல்ல." பசித்தாலும் இல்ல, வலித்தாலும் இல்ல, டிவியை நிறுத்தச் சொன்னாலும் இல்ல. எந்த 'இல்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று அவள் அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை உரிமப் பிரிவு ஆய்வாளர் வந்தார். கம்பியில் கட்டித் தொங்கிய உரிம அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இருக்கிறவரு எங்கம்மா?"

"வீட்ல சார். கை கால் வராது. எங்க வீட்டுக்காரருதான்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உரிமம் வாங்கினவர் வண்டிகிட்ட நேர்ல இருக்கணும், அதான் விதி. அடுத்த தடவ வரும்போது இல்லேன்னா வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "நேர்ல இருந்தா போதுமா சார், இல்ல வேலையும் பாக்கணுமா?"

ஆய்வாளர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கணும்னுதான் போட்டிருக்கு."

மறுநாளே அவள் மாஸ்டரைக் கூட்டி வந்துவிட்டாள். கூட்டி வந்தாள் என்பது பேச்சுக்கு. வண்டியின் பின்பலகையில் அவரை உட்கார வைத்து, துண்டால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, நாத்தனார் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, பத்து நிமிடத் தூரத்தை இருபத்தைந்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாத்தனார் மாஸ்டரின் தங்கை. அதே தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். வாய் சும்மா இருக்காது. "ஊர்வலம் போறமாதிரியே இருக்குண்ணே, ஒரு மாலைதான் குறைச்சல்" என்றாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. தேய்த்த சட்டையைப் போட்டுவிடும்வரை இல்ல, இல்ல என்று அடம்பிடித்திருந்தார். அந்தச் சட்டையைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பழைய வாடிக்கையாளர்கள் நலம் விசாரித்தார்கள். இரண்டு நாள் போனதும் விசாரிப்பு நின்றது. அப்புறம் அவர் வேலை வைக்க ஆரம்பித்தார். அடுப்பு பெரிதாக எரிந்தால் நாக்கைச் சொடுக்குவார். ரொட்டி ஒரு பக்கம் கருகினால் இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டுவார். ஆள் கூட்டமாக நிற்கும்போது அந்தத் தட்டல் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை மாதம் யார் தட்டி நான் கற்றுக்கொண்டேன் என்று மனதுக்குள் திட்டிக்கொள்வாள். பத்து மணிக்கு வெயில் ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி இறங்கும். வியாபாரத்தை விட்டுவிட்டு நாற்காலியை நிழலுக்கு இழுக்க வேண்டும்.

ஆய்வாளர் மறுபடி வந்தபோது மாஸ்டரின் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. ஆய்வாளருக்கே சங்கடமாகிவிட்டது. "ஏம்மா, நான் சொன்னேன்னு மனுஷனை இப்படி வெயில்ல காயப் போடுவீங்களா? குடும்பத்துல ஒருத்தருக்குப் பேர் மாத்திக் குடுக்க விதி இருக்கு. மனு போடுங்க. இடமும் உங்களுக்கே நிக்கும்" என்றார்.

அவள் மனு போட்டாள்.

விசாரணை நகராட்சி அலுவலகத்தின் மாடியில். லிஃப்ட் கிடையாது. காவலாளி ஒரு பக்கமும் நாத்தனார் ஒரு பக்கமும் தாங்க, மாஸ்டர் ஒவ்வொரு படியாக ஏறினார். நீள மேசைக்குப் பின்னால் உரிமக் குழுவின் தலைவி, ஆய்வாளர், சுகாதார அலுவலர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை ஓரத்தில் பிரிவின் எழுத்தர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிவத்தை வாசித்தார். வாசிப்பில் ஏற்ற இறக்கமே இல்லை. பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. மாஸ்டர் வீட்டம்மாவுக்கு அதில் பாதி காதில் விழவில்லை. வண்டியை இன்றைக்குப் பூட்டிவிட்டு வந்தோமா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவி மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்: "உங்க உரிமத்தை மனைவி பேருக்கு மாத்த உங்களுக்குச் சம்மதமா?"

"இல்ல" என்றார் மாஸ்டர்.

அவள் பதறிப்போய் எழுந்தாள். "மேடம், அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். சரிங்கிறதுக்கும் அதான் சொல்லுவாரு."

சுகாதார அலுவலர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். தலைவி சிரிக்கவில்லை. "பரவாயில்லை. சம்மதம்னா தலைய ஆட்டுங்க போதும்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக, இரண்டு தடவை, சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

 விசாரணை பதினைந்து நாளுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று எழுத்தர் அம்மாள் அதே குரலில் வாசித்தார்.

இறங்கும்போது படிக்கட்டில் அவள் அவரைத் தொடக்கூட இல்லை. ஆட்டோவில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நாலு பேர் முன்னால் மானம் போனதுகூடப் பெரிதில்லை. எட்டு மாதமாக இந்த உடம்பைக் குளிப்பாட்டி, ஊட்டி, வண்டியையும் தள்ளியவளுக்கு இதுதான் மரியாதையா என்பதுதான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். சாப்பிட்டு முடித்தபின் வாயைத் துடைத்துவிட்டு, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப நம்பிக்கை இருக்கா?"

மேலும் கீழும் ஆட்டினார்.

"உங்க தம்பிக்குக் குடுக்கணுமா?"

அவர் நாக்கைச் சொடுக்கினார். அந்தத் தம்பியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததே கிடையாது.

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தியவள், சொல்ல முடியாதவரிடம் கத்துகிறோமே என்று அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

வாசல்படியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார்தான் சொன்னாள்: "அண்ணி, அந்தம்மா ஏதோ வாசிச்சாங்கல்ல, நடுவுல ஒரு இடத்துல அண்ணன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

மாஸ்டர் வீட்டம்மா பையிலிருந்து படிவத்தின் நகலை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தாள். பெயர், முகவரி, வண்டியின் அளவு. ஐந்தாவது வரி வந்தது. 'மேற்படி உரிமதாரர் தொழில் செய்யும் தகுதியை இழந்துவிட்டபடியால்.' மாஸ்டரின் இடது கை எழுந்து தாளின் மேல் விழுந்தது. எடுக்கவில்லை.

"இதுவா?"

அவர் கண்ணில் நீர் நின்றது.  அவளுக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, ஒரு பக்கம் கோபமும் முழுதாகத் தணியவில்லை. அச்சடித்த ஒரு வரிக்காக அடுப்பையே அணைக்கப் பார்த்தாரே மனுஷன். ஆனால் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தபோது அவளுக்கே வாய் கசந்தது. தகுதி இழந்தவரா நாற்காலியில் உட்கார்ந்து என் ரொட்டியில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்?

மறுநாள் மதியம் எழுத்தர் அம்மாளிடம் போய் நின்றாள்.

"அந்த அஞ்சாவது வரிய மட்டும் எடுத்துட முடியுமாம்மா?"

"முடியாதும்மா, அது அச்சடிச்ச படிவம். நான் இந்தச் சீட்டுல உக்காருறதுக்கு முன்னாலேருந்து அப்படித்தான் இருக்கு." எழுத்தர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு வழி இருக்கு. அவர் உரிமத்தை ஒப்படைச்சிட்டு, நீங்க புதுசா வாங்கலாம். ஆனா இடம் போயிடும். வரிசையில கடைசி ஆளா நிக்கணும். ஆஸ்பத்திரி வாசலுக்கு உங்களுக்கு முன்னால நாப்பது பேர் இருக்காங்க."

வீட்டில் இதைக் கேட்ட நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வரிக்கு ஒரு இடமா? அண்ணே, கண்ண மூடிக்கிட்டுத் தலைய ஆட்டிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மாஸ்டர் அவளைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார். அவள் படிவத்தை அவர் முன்னால் விரித்துவைத்து, பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, அவருடைய இடது கையில் வைத்தாள். "அடிங்க. பிடிக்காத வரிய நீங்களே அடிங்க. அதுக்கப்புறம் அவங்க பாடு."

பேனா மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை கோடு விழுந்தது, கோணலாக, பக்கத்து வரியையும் கொஞ்சம் தொட்டுக்கொண்டு.

இரண்டாவது விசாரணையில் தலைவி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "அடிச்சது யாரு?"

"அவரு மேடம்."

"அடிக்கலாம், பக்கத்துல கைநாட்டு வெச்சா செல்லும். ஆனா காரணம்ங்கிற இடம் காலியா இருக்கக் கூடாதே. என்ன எழுதட்டும்?"

அவள் இதற்கு யோசித்து வந்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்: "எட்டு மாசமா வண்டிய நாந்தானே மேடம் நடத்துறேன். அதையே எழுதுங்க. அவரால முடியலேன்னு எதுக்கு எழுதணும்? நான் செய்றேன்னு எழுதுங்க."

உரிமம் இல்லாமல் எட்டு மாதம் நடத்தியதை அவளே ஒப்புக்கொள்கிறாள் என்பது ஆய்வாளருக்குப் புரிந்தது. அவர் மேசையில் கிடந்த குண்டூசிப் பெட்டியைத் திறந்து மூடினார்.  தலைவி எழுத்தர் அம்மாளைப் பார்த்து, "வண்டியை இப்போது நடத்தி வருபவர் மனைவி என்பதால், இப்படிப் போடுங்க. மாசக் கணக்கு வேணாம்" என்றார். பிறகு மாஸ்டரிடம் மறுபடி கேட்டார். மாஸ்டர் "இல்ல" என்று சொல்லிக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினார். சுகாதார அலுவலர் இந்தத் தடவை அடக்கவில்லை, சிரித்தேவிட்டார்.

அட்டை மூன்று வாரத்தில் வந்தது. படத்தில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். "போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டலாம் அண்ணி" என்றாள் நாத்தனார். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: வடிகால் வேலை நடப்பதால் வண்டி வாசலிலிருந்து இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். அந்த இடத்தில் காலையில் நிழல் இல்லை. மாஸ்டர் இனி வர வேண்டியதில்லை. அவள் அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. திங்களும் வியாழனும் மட்டும் ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சிக்காக நாத்தனாரோடு வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில்.

தட்ட ஆளில்லாத முதல் நாள் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கூட்டம் குறைந்ததும் சூப்பில் மிளகைப் பாதியாகக் குறைத்தாள். ரொம்ப நாளாகவே அது அதிகம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்ற மகளுக்காக வாங்க வந்த ஒரு பெண் ஒரு வாய் குடித்துப் பார்த்து, இன்னொரு தம்ளரும் ஊற்றச் சொன்னாள். வியாழக்கிழமை பயிற்சி முடிந்து வந்த மாஸ்டருக்கும் அதையே கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆமா, குறைச்சிருக்கேன்" என்றாள் அவள். வரிசையில் நின்ற அடுத்த ஆளுக்கு முட்டையை உடைக்கத் திரும்பினாள்.