துயாரா வாசலில் கட்டிய மான்

குதிரைமயிர்க் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு துயாரா ஓடினாள். கொழுந்தன் செம்யோன் துப்பாக்கியோடு வந்து சேர்வதற்குள், பூமியிலிருந்து பூண்டற்றுப்போய்ப் பல்லாயிரம் வருஷமான ஒரு மானைப் பிடித்துத் தன் வீட்டு வாசலில் கட்டியாக வேண்டும். மான் கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. இன்றைய மூஸ் மானுக்கு அது பெரியப்பா முறை என்றார் பள்ளிக்கூட வாத்தியார். கொம்பு முனைக்கு முனை எட்டடி. வலது கொம்பில் உறைந்த மீன்கள் நான்கு தொங்கின. அன்று கடைக்கு மாவு வந்திருந்ததால், ஜனங்கள் மானைச் சுற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள்.

துயாராவின் அவசரம் வேறு. யானா ஆற்றங்கரையில் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் அடிமண் உருகி, முந்தின கோடைகளில் மூன்று வீடுகள் ஆற்றோடு போயிருந்தன. மற்ற வீடுகளும் சாயத் தொடங்கியிருக்க, அவள் வீடு மட்டும் அசையாமல் நின்றது. அன்று காலையில்தான் அதுவும் ஆற்றுப் பக்கம் சாய்ந்து, மேசையிலிருந்த டீக்குவளை தானாக நகர்ந்து விழுந்து உடைந்தது.

கழுத்தில் கயிறு விழுந்ததும் மான் சாதுவாகப் பின்னால் வந்தது. வாசலில் விருந்தாளிகளின் குதிரையைக் கட்டும் கம்பத்தில் அவள் முடிச்சை இறுக்கவும் செம்யோன் மூச்சிரைக்க வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“தள்ளுங்க அண்ணி. நாப்பது வீட்டுக்குக் குளிர்காலம் பூரா கறி!”

“கம்பத்துல கட்டியாச்சுடா. கம்பத்துல நிக்கிறது விருந்தாளி. எங்க, சுடு பாப்போம்?”

அந்த ஊரில் குடிகாரன்கூடக் கம்பத்தில் கட்டிய பிராணியைச் சுட்டதில்லை. செம்யோன் துப்பாக்கியை இறக்கினான். “வெறுங்கையோட வரக்கூடாதுன்னு விருந்தாளி மீனும் வாங்கிட்டு வந்திருக்காரு,” என்று முனகிக்கொண்டே போனான்.

துயாரா ஊர் வழக்கப்படி அடுப்பு நெருப்புக்கு ஒரு கரண்டி வெண்ணெய் படைத்துவிட்டு உட்கார்ந்தாள். மதியத்துக்குள் மானின் குளம்படியில் மண் வெளுத்து இறுகியது. சாய்ந்த வீடு இரண்டு விரற்கடைச் சாய்வோடு நின்றுவிட்டது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் மானைக் கேட்டு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து மானைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். ஏழு வருஷத்தில் ஒரு வீடும் ஆற்றில் விழவில்லை. வாத்தியார் தலைநகருக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் வராததால் தன் வீட்டு வாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

செம்யோன் வீடும் பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அவன் துயாராவிடம் வந்து, சீவிய உறைமீனை உப்பில் தொட்டுத் தின்றபடி கேட்டான்:

“ஒண்ணு மட்டும் புரியல அண்ணி. அதைக் கட்டினா வீடு நிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

துயாரா சிரித்தாள்.

“கொம்புல தொங்குச்சே மீனு, அதைக் கட்டியிருந்தது என் முடிச்சுடா, மக்கு! உங்க அண்ணன் இந்த வீட்டுக்கடியில பனி நிலவறை தோண்டினப்ப, சுவத்துல பெரிய வேர் ஒண்ணு நீட்டிட்டு இருந்துச்சு. ஆணி மிச்சம்னாரு. பதினோரு வருஷமா அதுலதான் மீனைத் தொங்க விட்டேன். அன்னைக்குக் காலைல குவளை உடைஞ்ச கையோட கீழ இறங்கிப் பாத்தா, வேரைக் காணோம். படிக்கட்டு பூரா குளம்புத் தடம், மேல ஏறிப் போயிருக்கு.”