வழக்கில் இருந்த தொட்டி

காமயகவுண்டன்பட்டியில் வேலுச்சாமிக்கும் அவர் தம்பி விஜயபாண்டிக்கும் அடுத்தடுத்த வீடு. கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சிமெண்டுத் தொட்டி. அவர்கள் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கட்டியது. மாடுகள் போயின, அப்பாவும் போனார். தொட்டி யாருக்கு என்று கேஸ் நடந்தது. தீர்ப்பு வரும்வரை அது இருக்கிறபடியே இருக்க வேண்டும், இரண்டு பேரும் தொடக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருஷக்கணக்காயிற்று. அந்த உத்தரவை மட்டும் இருவரும் ஒற்றுமையாகக் காப்பாற்றி வந்தார்கள்.

ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பியது. வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் முனீஸ்வரி டார்ச் அடித்துப் பார்த்தாள். தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

"அண்ணே, இதை எறைச்சு ஊத்திட்டுத் தேய்ச்சுக் கழுவணும். டெங்குக் கொசு இதுலதான் முட்டை வைக்கும்."

"தொடக் கூடாதும்மா, ஸ்டே இருக்கு" என்றார் வேலுச்சாமி.

"அப்ப மருந்தாவது ஊத்திட்டுப் போறேன்."

அதற்குள் விஜயபாண்டி தன் வீட்டுப் பக்கமிருந்து வந்துவிட்டான். "மருந்து ஊத்துனா நெலமை மாறிருச்சும்பாக. நான்தான் ஆள் வச்சு ஊத்துனேன்னு எழுதிருவாக. வேணாம்."

மறுநாள் சுகாதார ஆய்வாளர் சூரியபிரகாஷ் வந்தார். உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தார். கொசுவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மேலதிகாரிகளைக் கேட்டார்; எழுத்துப்பூர்வமாகக் கருத்து கேட்டிருக்கிறோம், வரட்டும் என்றார்கள். சும்மா இருக்க மனமில்லாமல் ஒரு பாலிதீன் பையில் புழு தின்னும் மீன்களைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் அவரவர் வக்கீலுக்குப் போன் போட்டார்கள். மீன் யாருடையது என்று ஒரு வக்கீல் கேட்டார். குட்டி போட்டால் அது யாருக்கு என்று இன்னொருவர் கேட்டார். சூரியபிரகாஷ் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் ஒரு தென்னந்தோப்புத் தொட்டியில் மீன்களை விட்டார்.

அடுத்த வாரம் விஜயபாண்டியின் மனைவி பாண்டியம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். பல் ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு. எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. தெருவில் இன்னும் சில வீடுகளிலும் காய்ச்சல் இருந்தது.

வேலுச்சாமியின் மனைவி மொக்கம்மாளுக்குச் சேதி தெரிந்தது. புருஷன்மார் பேசாததால் அவளும் பாண்டியம்மாளும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதில்லை. குழம்புக் கிண்ணம் மட்டும் சுவர் மேல் போய்வரும். அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

கொசுவலைக்குள் பாண்டியம்மாள் பாதியாகக் கிடந்தாள். பிளேட்லெட் குறைந்துகொண்டே போவதாக நர்ஸ் சொன்னார். மொக்கம்மாளைப் பார்த்ததும் அவள் உதடு அசைந்தது.

"அக்கா, நான் தொட்டியத் தொடவே இல்லக்கா. அத்தான்கிட்ட சொல்லிருங்க."

மொக்கம்மாள் அவள் காலை வலையோடு சேர்த்துப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்கு வந்து, மோட்டார் ரூமிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வேலுச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றவ?"

"ஸ்டேயில எம் பேரு இருக்கா?"

"இல்ல."

"அப்பச் சாப்புடுங்க."

அப்பா கட்டிய தொட்டி; சுலபத்தில் உடையவில்லை. சத்தம் கேட்டுத் தெரு கூடியது. வேலுச்சாமி கை கழுவாமல் வாசற்படியில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. கடைசியில் ஒரு பக்கச் சுவர் சாய்ந்து, தண்ணீர் கொல்லை முழுக்க ஓடி வெயிலில் பரவியது. புழுக்கள் மண்ணில் துடித்துக் காய்ந்தன.

வேலுச்சாமி தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே, தொட்டி இல்லடா."

"யாரு ஒடச்சது?"

"ஒன் மதினி."

"வக்கீல் புகார் குடுக்கச் சொல்லுவாரே" என்றான் விஜயபாண்டி.

"சொல்லுவாரு."

"மதினிக்குக் கை வலிக்குதா?"

"வலிக்குதுங்குறா."

"தைலம் தேச்சு விடு." பிறகு சொன்னான்: "இவளுக்கு இன்னும் பிளேட்லெட் ஏறலண்ணே."

வேலுச்சாமி அடுத்த பஸ்ஸில் கிளம்பினார். இரண்டு பேரும் வார்டுக்கு வெளியே ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மாளுக்கு மெல்ல மெல்ல உடம்பு தேறியது.

கேஸ் முடியவில்லை. தொட்டி போனாலும் அது நின்ற இடம் இருக்கிறதே என்று இரண்டு வக்கீல்களும் சொன்னார்கள். வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். டிக்கெட் தனித்தனி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று பாண்டியம்மாளுக்கு மொக்கம்மாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனாள், வாசல் வழியாகவே. பாண்டியம்மாள் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண் கலங்கினாள்.

"காய்ச்சல்ல நாக்கே செத்துப்போச்சுக்கா. உப்பே தெரியல."

"உப்புப் போடல, மறந்துட்டேன்" என்றாள் மொக்கம்மாள். "குடி."