பதினெட்டாம் நம்பர் கோட்டு

பஸ் படியில் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்குவதற்குள் அவன் மார்புக்குக் குறுக்கே ஒரு கை வந்து நின்றது. டிரைவரின் கை.

"நூல் எங்கே தம்பி?"

"டிக்கெட் இருக்குண்ணே."

"டிக்கெட்டை யார் கேட்டா? சிவப்பு நூல்."

உள்ளே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேரின் கோட்டு ஜிப்பிலும் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கம்பளி நூல் தொங்கியது. எதிரே இருக்கும் கம்பளிக் கடையில் ஆளைப் பார்த்து, உடுப்பைப் பார்த்து, 'இவன் மேலே போகலாம்' என்று கட்டிவிடும் நூலாம். அது இல்லாதவனுக்குக் கணவாய்ப் பஸ்ஸில் இடமில்லை. இது யார் போட்ட உத்தரவு என்று அவன் கேட்டதற்கு, நான் போட்ட உத்தரவு என்றார் டிரைவர். அந்த மலையில் அவருக்கு மேலே மேலிடம் கிடையாது.

"ஒரு மணிக்கு வண்டியை எடுத்துருவேன். இங்கேயே நின்னா நூல் நடந்து வராது."

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

அவன் ஓடினான்.

ஓடாமல் என்ன செய்வான்? இந்தக் குளிர்காலத்தின் கடைசிப் பஸ் அது. அது மேலே போய்ச் சேர்ந்ததும் சாலைக்குக் குறுக்கே கம்பம் இறங்கிவிடும். மறுபடி தூக்க ஐந்து மாதம். கணவாயின் உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்தில் அவன் மனைவி காற்றையும் பனியையும் அளந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். அதில் ஒரு வருஷத்தை இந்த மலை விழுங்கியிருந்தது. நடுவில் ஒரு கோடையில் பன்னிரண்டு நாள் லீவில் வந்தாள். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆறு மாதம் நடையாய் நடந்து, அதே நிலையத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலையை அவன் வாங்கியிருந்தான். இந்தப் பஸ் போனால் வேலை அடுத்த ஆளுக்கு. குடும்பம் மறுபடியும் டெலிபோனில்.

கடை தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. கூரையிலிருந்து கோட்டுகள் தலையில்லாத மனிதர்களைப்போல வரிசையாகத் தொங்கின. நடுவில் ஓர் அடுப்பு. அடுப்பை ஒட்டி ஒரு முக்காலி. முக்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. மூக்கின் நுனியில் கண்ணாடி, கழுத்தில் மாலைபோலச் சிவப்பு நூல்கண்டு. தெரு முழுக்க அவளுக்குப் பெயர் கம்பளி அக்கா.

சீக்கிரம் ஒரு நூல் கட்டுங்கள் அக்கா, பஸ் கிளம்பப் போகிறது என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. கிழிந்த ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தாள்.

மஞ்சள் கோட்டு. தலையணை தலையணையாகத் தைத்து, மேலே ரெக்சின் போட்டு, போட்டவனை இரண்டு ஆளாகக் காட்டும் கோட்டு. முதுகில் கறுப்புப் பெயின்டில் 18. அதற்குக் கீழே, அவனே கையால் வரைந்த ஒரு சின்ன மீன். துறைமுகத்து மீன் குளிர்கிடங்கில் எல்லாக் கோட்டும் ஒரே மாதிரி இருக்கும். கண்ட கண்ட ஆள் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவான். அதனால் தனக்குக் கொடுத்த இரண்டு கோட்டிலும் அவன் மீன் போட்டு வைத்திருந்தான். ஒன்று, பதினேழாம் நம்பர், மனைவி மேலே போகும்போது அவளோடு போயிற்று. இது மற்றது.

அவன் தன் பெருமையைச் சுருக்கமாகத்தான் சொன்னான். எட்டு வருஷம் குளிர்கிடங்கில் மெஷின் பார்த்தவன். தினமும் மைனஸ் இருபது. கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு வைத்த பெயரே ஐஸ்பெட்டி. வெளியே நாற்பது டிகிரி வெயில் கொளுத்தும்போது உள்ளே போய்க் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டிவிட்டு வருகிறவனுக்குக் குளிர் என்பது மாமன் மச்சான் மாதிரி.

"மைனஸ் இருபதுல எவ்ளோ நேரம் நிப்பீங்க?" என்றாள் அவள்.

"இருபது நிமிஷம். அப்புறம் வெளியே வந்து ஒரு டீ."

"மேலே டீக்கு எந்த வெளியே வருவீங்க?"

அவன் விடவில்லை. உள்ளே ப்ளோயர் அடிக்கிற காற்றை அவள் பார்த்திருக்கிறாளா என்று கேட்டான்.

"ப்ளோயரை நீங்க ஆஃப் பண்ணலாம் தம்பி. மேலே சுவிட்ச் எங்கே இருக்குன்னு இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

வெளியே பஸ் ஒரு தடவை ஹாரன் அடித்தது. மெக்கானிக் வாசலை எட்டிப் பார்த்தான். அவள் அசையவில்லை. கடைக்குப் பின்னால் மூன்று மாடிக்குப் படி இருக்கிறது, நாற்பத்தெட்டு படி. தோளில் இருக்கும் அந்தப் பையோடு இரண்டு தடவை ஏறி இறங்கி, மூன்றாவது தடவை ஏறி மொட்டை மாடியில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள் என்றாள். நடுங்காமல் இறங்கி வந்தால் நூல்.

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு ஏறினான். பயத்தில் இரண்டு இரண்டு படியாகத் தாவினான். மூன்றாவது தடவை உச்சிக்கு வந்தபோது கோட்டுக்குள்ளே துறைமுகத்து மே மாதம். பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மேலிருந்து எல்லாம் தெரிந்தது. முன்பக்கம் டிரைவர் டயரில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஒரே ஒரு தண்ணீர்க் குழாயடியில் ஆறேழு பேர் கேனோடு வரிசையில் நின்றார்கள். குழாயை ஏதோ அழுக்கு மஞ்சள் மூட்டையால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தெருவின் மற்றக் குழாய்களில் பனிக்கட்டி தாடி வைத்திருந்தது.

அப்போதுதான் காற்று வந்தது.

முதல் நிமிஷம் இதமாக இருந்தது. இரண்டாவது நிமிஷம் வேர்வை ஆறியது. மூன்றாவது நிமிஷம், யாரோ அவன் முதுகில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் ஐஸ் கட்டியால் இஸ்திரி போட ஆரம்பித்தார்கள். ரெக்சின் வேர்வையை வெளியே விடவில்லை. உள்ளே இருந்த பஞ்சு அதைக் குடித்துக் கனத்தது. எட்டு வருஷத்தில் அந்தக் கோட்டுக்குள் அவன் ஒரு தடவைகூட வேர்த்ததில்லை. குளிர்கிடங்கில் மலை ஏது, ஏறுவதற்கு? நான்காவது நிமிஷம் பல் தந்தி அடித்தது. ஐந்தாவதை அவன் கொண்டாடவில்லை. இறங்கிவிட்டான்.

மணி பன்னிரண்டு ஐம்பது.

'நான் சொல்லலையா' என்று அவள் கேட்பாள், பதிலுக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று வந்தான். அவள் கேட்கவே இல்லை. அடுப்புப் பக்கம் தள்ளி நிறுத்தி, கழற்றுங்கள் என்றாள். அவன் கோட்டோடும் பனியனோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, இந்த நூல் எப்படி வந்தது என்பதை மட்டும் சொன்னாள்.

போன வருஷம், இதே வாரம். ஒரு பெண். நல்லாப் படித்த பெண். இதேபோலத் தடியாக ஒரு கோட்டு. பாதி வழியில் பஸ் பனியில் சிக்கியது. உட்கார்ந்திருந்தால் ஆபத்தில்லை. இரண்டு கிலோமீட்டர்தானே, நடந்து போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று அந்தப் பெண் இறங்கிவிட்டாள். வேர்க்க வேர்க்க ஏறியிருக்கிறாள். பனி தள்ளும் வண்டிக்காரர்கள் கண்டெடுத்தபோது கோட்டு பலகை மாதிரி நின்றதாம். தூக்கி வந்து இதே அடுப்புப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தாள், ஒரு நகம்கூடப் போகவில்லை. அன்றிலிருந்து டிரைவர் நூல் இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை.

"கண்ணு முழிச்சதும் முதல்ல என்ன கேட்டா தெரியுமா? வீட்டுக்குத் தெரிய வேண்டாம்க்கான்னா. அதான் முதல் பேச்சு."

சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் பிரித்தாள். அவள் கை பேச்சைவிட வேகமாக ஓடியது. உடம்போடு ஒட்டி ஒரு மெல்லிய கம்பளிப் பனியன். அதன்மேல் ஆட்டுக்குட்டிபோலப் பொசுபொசுவென்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே காகிதம்போலச் சரசரக்கும் ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை. இதுவா காற்றைத் தடுக்கும் என்று அவன் சந்தேகமாக இழுத்துப் பார்த்தான். பருத்திப் பனியனை அவள் இரண்டு விரலால் தூக்கி அவன் பைக்குள் போட்டாள்.

"இது வெயிலுக்குச் சொந்தக்காரன். குளிர்ல நம்மகூடவே இருந்துட்டு நம்மளையே காட்டிக் குடுக்கும்."

அவன் மூன்று சாக்ஸ் போட்டிருந்தான். இரண்டைக் கழற்றச் சொன்னாள். கால் இறுகினால் ரத்தம் எப்படிப் போகும் என்பது அவள் கேள்வி. பூட்ஸுக்குள் விரல்கள் தாளம் போட இடம் இருந்தது. குதிகாலோ கச்சிதம். கையுறைக்கு ஐந்து விரல் இல்லை. கட்டைவிரலுக்கு ஒரு அறை, மற்ற நாலுக்கும் சேர்த்து ஒரு கூடம்.

"விரலெல்லாம் கூட்டுக் குடும்பமா இருக்கணும். தனிக்குடித்தனம் வெச்சா உறைஞ்சு போயிரும்."

"தனிக்குடித்தனம்கூட இல்லக்கா," என்றான் அவன். "எனக்கு டெலிபோன் குடித்தனம்."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணாடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. வாசலுக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். லேசாகக் குளிர்கிறது என்றான்.

"அதான் கணக்கு. வாசல்ல கொஞ்சம் நடுங்கணும். கதகதன்னு கிளம்பினவன் வழியில வேர்ப்பான். வேர்த்தவன் உறைவான்."

ஜிப்பில் சிவப்பு நூலைக் கட்டி, பல்லால் கடித்து அறுத்தாள். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. பஸ் இரண்டாவது ஹாரன் அடித்தது. அவன் பையை எடுத்துத் தோளில் போட்டவன், ஏதோ உறைத்து நின்றான்.

"அக்கா, நீங்க அளவே எடுக்கல. பூட்ஸ் எப்படி இவ்ளோ சரியா இருக்கு?"

"அளவு மேலேயிருந்து வந்துச்சு. போன வாரம், போன்ல. கால், தோள், இடுப்பு எல்லாம். ஆளு மஞ்சக் கோட்டுல வருவாரு, நிறையப் பேசுவாருன்னும் சொன்னா."

மனைவிதான். வாரம் தவறாமல் பேசுகிறவள். கோட்டு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்காத வாரம் இல்லை. அது இல்லாமல் இங்கே ஒரு நாள் ஓடாதுங்க என்று அவள் சொல்லாத வாரமும் இல்லை. இந்தக் கோட்டு மலைக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த நாற்பத்தெட்டு படியை இத்தனை தடவை ஏறியிருப்பானா? அதையே கேட்டான்.

"நானும் கேட்டேன். சொன்னா கேக்குற ஆள் இல்லக்கா, மனசும் உடைஞ்சு போயிரும், மொட்டை மாடிக்கு அனுப்புங்கன்னா."

அவனுக்குக் கோபம் வரவேண்டும்போல இருந்தது, வரவில்லை. சிரிப்புதான் வந்தது. எட்டு வருஷத்து ஐஸ்பெட்டியை ஐந்தே நிமிஷத்தில், அதுவும் மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டே திறந்துவிட்டாள்.

கம்பளி அக்கா அடுப்பருகே ஈரமாகக் கிடந்த மஞ்சள் கோட்டைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். பின்வாசல் வழியாகப் போனால் பஸ்ஸுக்குக் குறுக்குவழி. போகிற வழியில் இதைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். இரண்டாவது குழாய் வெடிக்கிற மாதிரி இருக்கிறதாம், இதைச் சுற்றினால் தாங்குமாம். கதவைத் திறந்துவிட்டவள் ஒரு நொடி தயங்கினாள்.

"சொல்ல மாட்டேன்னுதான் வாக்குக் குடுத்திருக்கேன். காட்ட மாட்டேன்னு குடுக்கல."

என்ன என்று கேட்க நேரமில்லை. ஓடினான். ஓடுகிறோம், வேர்க்கும் என்று நினைவு வந்து நடந்தான்.

குழாயடியில் ஒருவர் கேன் நிரப்பிக்கொண்டிருந்தார். இந்தத் தெருவிலேயே உறையாத குழாய் இது ஒன்றுதான், போன வருஷத்திலிருந்து இப்படித்தான் என்று கேட்காமலே சொன்னார். சுற்றியிருந்த மூட்டை அழுக்கேறி, பனி படிந்து கிடந்தது. தலையணை தலையணையாகத் தையல். கயிற்றுக்கு இடையில் ரெக்சின்.

மெக்கானிக் கையிலிருந்த கோட்டைக் கீழே வைத்தான். நாலு விரல் கூட்டுக் குடும்பத்தால் மூட்டையின்மேல் படிந்த பனியை மெல்லத் துடைத்தான்.

கறுப்புப் பெயின்டில் ஒரு 1 வந்தது. அதன் பக்கத்தில் ஒரு 7. அதற்குக் கீழே, அவன் கையாலேயே வரைந்த மீன்.