முன்சக்கரக் கும்பிடு

என் கணவர் எல்லப்பன் எங்கள் பழைய ஜீப்பைச் சேற்றில் இறக்கும்போதெல்லாம், முதலில் முன்சக்கரங்கள் இரண்டையும் தொட்டுக் கும்பிடுவார். அவர் இறந்த பின், அதை இரும்புக்கடையில் போடச் சொன்னான் அவர் தம்பி தமிழ்வாணன். அவன் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். என் கணவர் தன் கையாலேயே பிரித்துப் பூட்டிய வண்டியை எப்படிக் கொடுப்பேன்?

மழை விட்ட ஒரு காலையில், தமிழ்வாணன் ஜீப்பைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி பிள்ளைப்பாக்கம் ஏரிச் சேற்றில் இறக்கிச் சிக்கவைத்தான். நாலு சக்கரமும் இழுக்கும் போர்வீல் கியர் போட்டும் பின்சக்கரங்கள் மட்டுமே சுற்றின. இறங்கி, அண்ணனைப் போலவே கும்பிட்டும் பார்த்தான்.

“போர்வீல் செத்துப்போச்சு அண்ணி. இரும்புக்கடைதான்.”

“நான் எடுத்துட்டா?”

“எடுங்க பாப்போம். அப்பால விக்கிற பேச்சே எடுக்கமாட்டேன்.”

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு உண்டு. அதைக் கையால் திருப்பினால்தான் முன்சக்கரத்துக்கு இழுவை போகும். திருப்பிவிட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திருகு தெரிந்தால் தம்பி வண்டியை இரவல் கேட்பான் என்று, அதை மறைக்க அவர் கண்டுபிடித்த பக்தி அது.

ஏறி ஓட்டினேன். ஜீப் உறுமிக்கொண்டு கரையேறியது.

“இன்னா பண்ணீங்க அண்ணி?”

“கும்பிட்டேன். உனக்குத்தான் பக்தி பத்தல.”