எட்டுப் பேர் படித்த பதிவு

பாண்டிச்செல்வி திருப்பரங்குன்றத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தாள். ஐந்து வருடமாக வலைப்பூவும் எழுதிவந்தாள். மதுரை வட்டாரத்தில் அப்படி எழுதுகிற பிசியோக்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ஒருவர் பதிவு போட்டால் மற்ற ஏழு பேரும் அன்று சாயங்காலத்துக்குள் படித்து நாலு நல்ல வார்த்தை எழுதிவிடுவார்கள். தங்கள் பதிவுகளில் அதற்கு இணைப்பும் கொடுப்பார்கள். அது அவளுக்குப் பெரிய தெம்பு.

போன தை மாதம் விசைத்தறித் தொழிலாளர்களின் கழுத்து வலியைப் பற்றி எழுதினாள். நாளெல்லாம் உட்கார்ந்து குனிந்தே நெய்வதால் வருகிற வலி, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் குறையும் என்று படத்தோடு விளக்கியிருந்தாள். ஏழு பாராட்டும் வழக்கம்போல் வந்தன. எட்டாவது பின்னூட்டம் முன்பின் தெரியாத ஒருவருடையது.

"டாக்டர், பவர்லூம்ல உக்காந்து யாரும் வேல பாக்குறதில்ல. பன்னெண்டு மணி நேரமும் நின்னுக்கிட்டும் நடந்துக்கிட்டும்தான் இருப்போம். இதுல எந்திரிச்சு நடக்கச் சொல்றீங்க. தவசி, செல்லூர்."

பத்தே நிமிடத்தில் குழுவைத் தொடங்கிய சித்தார்த் போன் செய்தார்.

"அந்தக் கமெண்ட எடுத்துருங்க. வெளியாளுக இப்படி எழுத ஆரம்பிச்சா நம்ம மேல இருக்குற மரியாத போயிரும்."

"அவரு சொல்றது சரியா தப்பான்னு மொதல்ல பாக்கணும்ல சார்?"

"ஏழு பேரு படிச்சிருக்கோம். யாருக்கும் தப்பாத் தெரியலயே."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை உறுத்தியது. உட்கார்ந்து நெய்கிறார்கள் என்பதை எங்கிருந்து எடுத்தோம் என்று தேடிப் பார்த்தாள். குழுவில் இளையவளான பவதாரிணியின் பதிவிலிருந்து எடுத்திருந்தாள். பவதாரிணி சித்தார்த்தைச் சுட்டியிருந்தாள். சித்தார்த் கொடுத்திருந்த இணைப்பைத் தட்டினால் பாண்டிச்செல்வியின் வலைப்பூவே திறந்தது. மூன்று வருடத்துக்கு முன் எழுதியது. கைத்தறி நெசவாளர் ஒருவருக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, விசைத்தறியிலும் இப்படித்தான் இருக்கும் என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்த ஊகம் கைமாறி கைமாறி, ஆதாரம் என்று அவளிடமே திரும்பி வந்திருந்தது.

மறுநாள் தவசிக்கு எழுதி, வரலாமா என்று கேட்டாள். அந்த வாரமே செல்லூர் சந்து ஒன்றிலிருந்த தறிக்கூடத்துக்குப் போனாள். நாற்பது வயதிருக்கும் அவருக்கு; ஒற்றை ஆளாக நாலு தறி பார்த்துக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் காது கேட்காததால் வாசலுக்கு வந்து பேசினார்கள்.

"கழுத்து வலிக்குமாண்ணே?"

"கழுத்து எப்பவாச்சும். குதிகாலும் இடுப்பும்தான் உசுர எடுக்குது. நூலு அறுந்துச்சுன்னா எட்டிக் குனிஞ்சு முடிச்சுப் போடணும். எனக்கு உசரம் பத்தாது, குதிகாலத் தூக்கித்தான் எட்டணும்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"அத எங்க எண்ணுறது? நின்னு பாத்துட்டுப் போங்க."

மத்தியானம் வரை நின்றாள். ஒரு மணி நேரத்தில் முப்பத்துநாலு தடவை எட்டிக் குனிந்தார். கிளம்பும்போது, தன் பதிவு அவர் கண்ணில் எப்படிப் பட்டது என்று கேட்டாள்.

"தறிக்காரங்களுக்கு வர்ற வலின்னு போன்ல தேடுனேன். ஏழெட்டுப் பேரு எழுதுனது வந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே படம்தான்."

கேலியே இல்லாமல்தான் சொன்னார். அதனாலேயே அவளுக்குக் கூச்சம் அதிகமானது.

பதிவைத் திரும்ப எழுதினாள். பழைய வரி தன் ஊகம் என்பதையும், அது சுற்றி வந்த வழியையும் முதல் பத்தியிலேயே சொன்னாள். தவசியின் பின்னூட்டத்தை எடுக்கவில்லை. சித்தார்த் தன் பக்கத்திலிருந்து அவளுடைய இணைப்பை எடுத்துவிட்டார். குழுவிலிருந்து இந்தமுறை ஒரு பாராட்டும் வரவில்லை. அன்று சாயங்காலம் போனை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாளோ, அவளுக்கே தெரியாது. இவர்கள் ஏழு பேருக்காகத்தான் இத்தனை நாள் எழுதினோமா என்ற நினைப்பு மட்டும் போகவே இல்லை.

மூன்றாம் நாள் பவதாரிணி கூப்பிட்டாள்.

"அக்கா, மேலூர் குவாரில வேல பாக்குறவங்க முதுகுவலி பத்தி ரெண்டு பதிவு போட்டிருக்கேன். நான் ஒரு குவாரியக்கூடப் பாத்ததில்ல."

"போய்ப் பாத்துட்டு வா."

"தனியாப் போகத் தயக்கமா இருக்கு."

"வெள்ளிக்கிழம கிளினிக்குக்கு லீவு போட்டுட்டு நானும் வாரேன்."

"குழுவுல சொல்லவா, வேண்டாமாக்கா?"

"சொல்லு. வர்றவங்க வரட்டும்."

வெள்ளிக்கிழமை மேலூர் பஸ்ஸில் அவர்களோடு மூன்றாவதாக ஒருவர் ஏறினார். குழுவில் இதுவரை பாராட்டைத் தவிர வேறெதுவும் எழுதியறியாத முத்துக்குமரன்.